கண் மட்டும் தெரியும் தொப்பி

நான் லேசில் எதையும் நம்பாத ஆள். கடைக்காரர் மீதிக் காசைச் சரியாகத் தந்தால்கூட, இவர் எதற்காக இன்றைக்குச் சரியாகத் தருகிறார் என்று யோசிப்பேன். அதனால் ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னை மிகவும் குழப்பியது, சைக்கிள் ஓடுகிற எவரும் தலையில் ஹெல்மெட் போடாததுதான். குப்பையை எந்த வாளியில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு சத்தம் போடலாம் என்பதற்கெல்லாம் சட்டம் வைத்திருக்கும் நாடு, சைக்கிள்காரனின் மண்டையை மட்டும் எப்படிச் சும்மா விட்டது? எங்களைப் போன்றவர்களைப் பிடிப்பதற்கென்றே ஒரு சட்டத்தை எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த ஊர்க்காரன் வெறுந்தலையோடு போவான், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாத நான் போனால் மறிப்பார்கள். ஆகவே நான் ஹெல்மெட் போட்டேன்.

அது வீதியோரத்தில் பழைய சாமான்களைக் குவித்து வைக்கும் நாளொன்றில் கிடைத்தது. சிறிய மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் போடும் வகை. வெள்ளை நிறம், உச்சந்தலையை மட்டும் மூடும், காதுக்கு ஒன்றும் இல்லை. நல்ல ஹெல்மெட்டை ஏன் எறிந்தார்கள் என்று உள்ளே இரத்தக் கறை இருக்கிறதா எனத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஹைமில், அதாவது எங்களை வைத்திருந்த அகதிகள் விடுதியில், எல்லோரும் சிரித்தார்கள். சந்திரனுக்குப் போகிறீர்களா அண்ணை என்று ஒருவர் கேட்டார். அடுத்த மாதமே கால்வாய்க்கரையில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட்டில் ஒரு வெடிப்பு, தலையில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது.

அந்தக் கால்வாய் ஊன்ட்றொப் பக்கம் போகிற அதே கால்வாய்தான். இன்றைக்கு அங்கே அம்மன் கோயில் திருவிழாவுக்கு சனம் கார் கட்டிக்கொண்டு வந்து நெருக்குப்படுகிறது. நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது விடியப்புறத்தில் அந்தக் கரையால் போன ஒரே தமிழன் நான்தான். எங்கள் ஹைமிலிருந்து சலவை ஆலைக்கு அது குறுக்குவழி. முதல் பஸ் வருவதற்குள் எங்கள் வேலை தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல்களிலும் இருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, உலர்த்தி, மடிக்கிற ஆலை. ஊருக்கு எழுதும்போது துணித் தொழிற்சாலை என்றுதான் எழுதுவேன். பிறருடைய துணி தோய்க்கிறேன் என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு ஆலையின் பெயரைப் போட்டுத்தான் எனக்கு வேலை அனுமதி தந்திருந்தார்கள். ஆலை போனால் அனுமதியும் போகும். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அனுமதியும் இல்லை.

ஆலைக்குள் நீராவி. மத்தியானம் வேலை முடிந்து வெளியே வரும்போது தலைமயிர் ஈரமாக இருக்கும். ஈரத்தலையோடு பனிக்குள் இறங்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். மார்கழிப் பனிக்கே தலையில் துவாய் போடுகிற ஊர் எங்களுடையது. இங்கேயோ கால்வாயிலிருந்து வருகிற காற்று காதுக்குள் புகுந்து மண்டையின் மற்றப் பக்கத்தால் வெளியே போவதுபோல் இருக்கும். இரண்டாவது குளிர்காலத்தில் காதுக்குள் குத்துவலி தொடங்கியது. இராத்திரியில் தலையணையில் சீழ் படிந்தது. டொக்டர் உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, காதுக்குக் காற்றுப் படாமல் பார், அல்லது சைக்கிளை விட்டுவிடு, இல்லாவிட்டால் அந்தக் காது கேளாமல் போகும் என்றார். சைக்கிளை விட்டால் வேலை போகும். வேலைக்காகச் சைக்கிளை விடாவிட்டால் காது போகும். நான் டொக்டரையும் சந்தேகப்பட்டேன்தான். ஆனால் தலையணை பொய் சொல்லவில்லை.

ஹெல்மெட்டுக்குள் தலையைச் சூடாக வைத்திருப்பது சொல்வதுபோல் சுலபமில்லை. தடித்த தொப்பியைப் போட்டால் ஹெல்மெட் கவிழ்த்த சட்டிபோல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வார் நாடிக்கு எட்டாது. மெல்லியதைப் போட்டால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். துவாயைத் தலைப்பாகையாகக் கட்டிப் பார்த்தேன். பாலம் ஏறும்போது அது வியர்வையை உறிஞ்சி, இறங்கும்போது தகடாக விறைத்தது. பத்திரிகைத் தாளை மடித்து வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் சரசரத்து, யாரோ பின்னால் வருவதுபோல் இருந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்து இன்னொரு முறை விழப் பார்த்தேன். டொக்டர் சொன்னதை ஹைமில் சொல்லிப் புலம்பியபோது, பெண்கள் போடும் நீளக் காலுறையை இழுத்துப் போடுங்கோ, நல்ல சூடு என்று ஒருவர் யோசனை சொன்னார். வழியில் ஒரு வங்கி இருக்கிறது. அந்தக் கோலத்தில் வங்கியைத் தாண்டிப் போகிற அளவுக்கு நான் இன்னும் மடையனாகவில்லை.

கடைசியில் சந்தைக்கடையொன்றில் கறுப்புக் கம்பளித் தொப்பி ஒன்று கண்டேன். கழுத்துவரை இழுத்துவிடலாம், கண்ணுக்கு மட்டும் ஒரு நீள இடைவெளி. பனிச்சறுக்குக்குப் போகும் ஜெர்மன்காரரும் போடுவதுதான், வங்கியைத் தாண்டலாம். ஹெல்மெட்டின் உள்ளேயிருந்த பஞ்சைப் பிடுங்கிவிட்டால் அது அச்சாகப் பொருந்தியது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கால்வாய்க்கரையால் போனபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லலாம். காது இருக்கிறதென்ற நினைப்பே இல்லாமல் போனேன். வழியில் பாட்டுக்கூடப் பாடினேன்.

அந்த மத்தியானம் அதே கோலத்தில் அறைக் கதவைத் திறந்தேன். என் அறையில் என்னோடு இருந்தவன் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த ஆவணியில் வந்த ஒரு பெடியன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும், மெலிந்த ஆள், அதிகம் கதைக்கமாட்டான். மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கோப்பையை வைத்தான். தேத்தண்ணி மேசையில் சிந்தியது. என்னை உரசிக்கொண்டு வெளியே போனான். பொறாமை என்று நினைத்தேன். அவனுக்கு வேலை அனுமதி இல்லை, எனக்கு இருக்கிறது, இப்போது தொப்பியும் வந்துவிட்டது.

அவனைப் பற்றி எனக்கு முதலிலிருந்தே ஐமிச்சம் இருந்தது. வந்த கிழமையே என்னிடம், நீங்கள் எப்ப அண்ணை நாட்டை விட்டு வெளிக்கிட்டனியள் என்று கேட்டான். நாலைந்து நாள் கழித்து அதையே வேறு விதமாகக் கேட்டான். கடைசியாக எந்த ஊரில் இருந்தேன் என்று இன்னொரு நாள் கேட்டான். விண்ணப்பம் முடிவாகாதவனிடம் இதையெல்லாம் யார் கேட்பார்கள்? விண்ணப்பத்தை விசாரிக்கிற கந்தோர்க்காரர்தான் கேட்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் மழுப்பினேன். மற்றது, அவன் சப்பாத்தோடு படுப்பான். கம்பளிப் போர்வைக்குள் சப்பாத்துக் காலோடு ஒரு மனிதன் ஏன் படுக்கவேண்டும்? எழுந்து ஓடவேண்டிய தேவை உள்ளவன்தான் அப்படிப் படுப்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பிழையில்லை. எதைக் கண்டு ஓட என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தொப்பி வந்த பிறகு எல்லாம் மோசமானது. நான் விடியப்புறம் வெளிக்கிடும்போது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே வந்து அண்ணாந்து பார்த்தால் யன்னல் சீலை அசையும். மத்தியானம் நான் வரும் நேரத்துக்கு அறையில் இருக்கமாட்டான். இரண்டாவது கிழமை, தோய்த்துக் காயப்போட்ட தொப்பியைக் காணவில்லை. தேடித் தேடிக் கடைசியில் குசினிக் குப்பை வாளியில், தேயிலைச் சக்கைக்கு அடியில் கிடந்தது. அவனைக் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எடுத்துத் தோய்த்துத் திரும்பவும் போட்டேன். அதற்குப் பிறகு அதைத் தலையணைக்குள் செருகி வைத்துக்கொண்டு படுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து பார்த்தால் தொப்பி என் கட்டிலில் மடித்து வைத்திருந்தது. முன்பக்கம் வெட்டப்பட்டிருந்தது. நெற்றியிலிருந்து நாடிவரைக்கும் இருந்த கம்பளியைக் காணோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை, அலுமாரிக்குள் எறிந்தேன். என் காது போகட்டும், வேலை போகட்டும், அந்த இடத்துக்குத் தான் வரலாம் என்று இவன் திட்டம் போடுகிறான் என்று முடிவு கட்டினேன். கேட்டுப் பிரயோசனம் இல்லை, கையும் களவுமாகப் பிடிக்கவும் முடியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகமுன் ஹவுஸ்மைஸ்டரிடம் போனேன். கட்டிடத்தைப் பராமரிக்கும் அந்தப் பெரிய மனிதர் விடியமுன்னமே இடுப்பில் திறப்புக் கோர்வையோடு திரிவார். என் சைக்கிள் அறைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் நிற்பது அவருக்கு ஆகாது, ஆனால் களவு அதைவிட ஆகாது. என் அரைகுறை ஜெர்மனில், வீட்டுக்குள் ஒருவன் என் சாமானை எடுத்துப் பழுதாக்குகிறான் என்றேன். யார் என்றார். நிச்சயப்படுத்திக்கொண்டு சொல்கிறேன் என்றேன். அவர் கையை வெளியே காட்டினார். கள்ளன் இங்கே இருக்கமாட்டான், அடுத்த நாளே தூரத்திலுள்ள பெரிய முகாமுக்கு அனுப்புவித்துவிடுவேன் என்றார். அந்த முகாமைப் பற்றி எங்களுக்குத் தெரியும். அங்கே தமிழர் ஒருவரும் இல்லை. அங்கே போனவர்களின் விண்ணப்பம் முதலாவதாகத் தள்ளுபடியாகும் என்று ஒரு கதை இருந்தது. உண்மையோ பொய்யோ, எல்லோரும் அதற்குப் பயந்தோம். போகட்டும் என்று நினைத்தேன்.

அன்று தொப்பி இல்லாததால் மப்ளரைத்தான் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தேன். காதையும் வாயையும் மூக்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டு, வாரைப் பூட்டியிருந்தேன். மத்தியானம் திரும்பிவரும்போது மூச்சு பட்ட இடமெல்லாம் கம்பளி உறைந்து விறைத்திருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு எங்கள் மாடி நடைபாதைக்குள் நுழைந்தேன்.

அன்று படுக்கை விரிப்பு மாற்றும் நாள். எங்கள் மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் அழுக்கு விரிப்பைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். எல்லோரும் எங்கள் பெடியள்தான். ஹவுஸ்மைஸ்டர் புதிய விரிப்புகள் அடுக்கிய வண்டியோடு நின்றார். என்னைக் கண்டதும் அவருக்குக் காலையில் நான் சொன்னது நினைவு வந்துவிட்டது. நல்லது, எல்லோரும் இங்கேதான் நிற்கிறார்கள், இப்போதே முடித்துவிடுவோம் என்றார். என் முழங்கையில் பிடித்து வரிசையின் முதல் ஆளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"டேர் டா?" என்று கேட்டார். இவனா?

மப்ளர் உறைந்து வாயைத் திறக்க முடியாமல் இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அடுத்தவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவரும் இல்லை. அதற்கு அடுத்தவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். நடைபாதை திடீரென்று அமைதியாகிவிட்டதை நான் அப்போதுதான் கவனித்தேன். வழமையாக விரிப்பு மாற்றும் வரிசையில் பகிடியும் சத்தமுமாக இருக்கும். இப்போது ஒருவரும் இருமக்கூட இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சந்திரன் ஆளும் சிரிக்கவில்லை. எனக்குக் காரணம் விளங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சுகள் என்று நினைத்தேன்.

நாலாவதாக என் அறைப் பெடியன் நின்றான். ஹவுஸ்மைஸ்டர் திரும்பவும் கேட்டார். நான் அவனைப் பார்த்தேன். அவன் என் முகத்தை, முகமென்று அங்கே எது தெரிந்ததோ அதைப் பார்த்தான். பிறகு விரிப்பை மெதுவாக நிலத்தில் வைத்தான். இரண்டு கையையும் தூக்கிப் பிடரியில் கோர்த்தான். ஒருவரும் சொல்லாமல் முழங்காலில் இருந்தான்.

அப்போதுதான் என் கோலம் எனக்கு உறைத்தது.

நான் எண்பத்துநாலின் தொடக்கத்திலேயே நாட்டை விட்டு வந்துவிட்டேன். நான் வந்த பிறகு நடந்தவற்றைக் கதையாகக் கேட்டிருக்கிறேனே தவிர, கண்ணால் காணவில்லை. ஆமிக்காரர் ஊரை வளைத்துப் பெடியளைப் பிடித்து, ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். ஜீப்புக்குள் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவனும் எங்கள் ஆள்தான், அடித்தோ வெருட்டியோ கொண்டுவந்து இருத்தியிருப்பார்கள். அவன் வாயே திறப்பதில்லை. தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவனை லொறியில் ஏற்றுவார்கள். சனம் அவனுக்கு வைத்த பெயர் தலையாட்டி. அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தெரியாமல் நின்றது ஹவுஸ்மைஸ்டரும், ஹெல்மெட்டுக்குள் இருந்த நானும்தான்.

"யா? நைன்?" ஓமா, இல்லையா? ஹவுஸ்மைஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. முழங்காலில் இருப்பவனைப் பார்த்து, இவன்தான் என்று அவரே பாதி முடிவுக்கு வந்துவிட்டார்.

இல்லை என்று சொல்லவேண்டும். ஆனால் தலையை அசைக்கப் பயமாக இருந்தது. எந்தப் பக்கம் அசைத்தாலும் அது தலையாட்டல்தான். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஹெல்மெட் வாரைத் தேடினேன். பூட்டு உறைந்திருந்தது. கையுறையைப் பல்லால் இழுக்கலாம் என்றால் வாய் மப்ளருக்குள். கையுறையை உதறி எறிந்துவிட்டு நகத்தால் கிண்டினேன். பூட்டு விட்டுக்கொடுத்தது. ஹெல்மெட் நிலத்தில் விழுந்து உருண்டது. மப்ளரை இழுத்தபோது மீசைமயிரும் சேர்ந்து வந்தது.

"நைன்," என்று வாயால் சொன்னேன். இவனுமில்லை, ஒருவருமில்லை, நான்தான் சாமானை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். ஹவுஸ்மைஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கே என் சைக்கிளை வெளியே போடச் சொன்னார். நான் சொன்ன எதையும் அதற்குப் பிறகு அவர் நம்பியதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

பெடியனைப் பிடித்துத் தூக்க யாரோ இருவர் வந்தார்கள். நான் கிட்டப் போகவில்லை.

பின்னேரம் அறையில் நாங்கள் இருவரும் எதிரெதிர்க் கட்டிலில் இருந்தோம். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"உங்களை எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள்தான் வாறியள் எண்டும் தெரியும். எண்டாலும் கதவு திறக்கேக்கை ஏலாமல் இருக்குது."

அவனைப் பிடித்த நாளில் சாக்குக்குள் இருந்தவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. கண்ணை மட்டும் கண்டிருக்கிறான். மாதக்கணக்கில் உள்ளே கிடந்து வெளியே வந்த பிறகு, யாரைக் கண்டாலும் கண்ணைத்தான் முதலில் பார்ப்பானாம். பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருக்கலாம், ஒன்றாகப் படித்தவனாகவும் இருக்கலாம், அவனும் இப்போது எங்கேயாவது ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கலாம் என்றான். நான் எப்போது வெளிக்கிட்டேன், எங்கே இருந்தேன் என்று அவன் கேட்டதெல்லாம் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கியது. நான் அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அவ்வளவு காலமும், அவன் அதைவிடப் பெரிதாக என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். நான் மழுப்ப மழுப்ப அவனுக்கு அது உறுதிப்பட்டிருக்கிறது.

எழுந்து அலுமாரியைத் திறந்து வெட்டின தொப்பியை எடுத்தேன். முதல்முறையாக அதை விரித்துப் பார்த்தேன். முகத்துக்கு நேரே இருந்த கம்பளி மட்டும்தான் போயிருந்தது. காதுப் பக்கம் இரண்டும் அப்படியே இருந்தன. பிரிந்து போகாமல் வெட்டின ஓரம் முழுவதும் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. தலையில் போட்டு, மேலே ஹெல்மெட்டை வைத்துப் பார்த்தேன். காது மூடியிருந்தது, முகம் வெளியே இருந்தது.

"காதுக்குக் காத்துப் படக்கூடாதெண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே," என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க நான் எண்பத்துநாலில் வெளிக்கிட்ட மாதத்தையும், வந்த வழியையும், கடைசியாக இருந்த ஊரையும், கேட்காமலே சொல்லத் தொடங்கினேன். கந்தோரில்கூட அவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடிந்தபிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயால் சொல்வதை நம்பாதவனை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அந்தச் சாதிதானே.

"ஒருக்கா அந்த மப்ளரை அதேமாதிரிக் கட்டுங்கோ அண்ணை," என்றான்.

கட்டினேன். மப்ளர் இன்னும் ஈரமாக இருந்தது. ஹெல்மெட்டையும் போட்டேன். அவன் கட்டிலை விட்டு எழுந்து வந்து, யன்னல் வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி நிறுத்தி, கண்ணுக்கு நேரே நின்று பார்த்தான். நான் இமைக்காமல் நின்றேன். நான் ஒரு குற்றமும் செய்யவில்லை, அந்த நாளில் அந்த நாட்டிலேயே இருக்கவில்லை. ஆனாலும் அவன் தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டால் நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்?

அவன் தலையை இரண்டு பக்கமும் அசைத்தான்.

"இல்லை," என்றான். "நீங்கள் இல்லை."

பிறகு போய்த் தன் கட்டிலில் இருந்து, குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.